மழைக்குழாய்க்கு வைத்த சந்தனம்

காந்திபுரத்தில் நூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் என் ஜெராக்ஸ் கடை. கூடவே எஸ்.டி.டி. பூத்தும் உண்டு. 1998 கோடையில் அதே கட்டடத்தின் மாடியில் அப்துல் வஹீது ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். மாடிப்படி என் கடையை ஒட்டியே ஏறும் என்பதால் வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வழி கேட்பார்கள். "இன்டர்நெட்டு எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டு துள்ளி ஏறுவார்கள். கொஞ்ச நேரத்தில் "லைனே கெடைக்கலீங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்குவார்கள். எனக்கு அந்த வியாபாரத்தின் மேல் துளியும் மரியாதை கிடையாது. போன் ஒயருக்குள் உலகமே வருகிறதாம். அது வந்து சேருவதற்குள் என் கடையில் ஒரு முழுப் புத்தகத்தையே நகல் எடுத்துக் கட்டிக் கொடுத்துவிடலாம்.

அந்த சென்டரைப் பார்த்துக்கொள்ள வந்தவள்தான் ஜோஸ்லின். முப்பதைத் தொட்ட வயது. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். தாத்தா காலம்வரை சமவெளியில் யார் யார் பண்ணையத்திலோ கூலி வேலை. பிறகு குடும்பமே மலை ஏறிவிட்டது. அம்மா அமலி கொழுந்து பறித்தார், அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தார். பொள்ளாச்சியில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்து, புவியியலில் பட்டம் வாங்கி, டீச்சர் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். வேலை வரவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போத்தனூருக்கு வந்தாள், கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். ஆள் பார்க்கச் சாது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அவளோடு பழகிய இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளை நான் பேச்சில் ஜெயித்ததில்லை, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் உண்டு.

சனிக்கிழமை மத்தியானத்தில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் சந்துப் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்துக்கொள்ள வஹீதிடம் அனுமதி வாங்கியிருந்தாள். மற்ற சென்டர்களில் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டி விளையாடின. இவளோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று குழந்தைகளுக்காக நடத்திய தளத்தைத் திறந்து வைத்தாள். எரிமலை, பூகம்பம், பாறை, மழை, காற்று என்று பூமியைப் பற்றி அதில் இல்லாதது இல்லை. எல்லாம் இங்கிலீஷ். ஜோஸ்லின் வாசித்துத் தமிழில் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை மேலே ஒரே சத்தம். திட்டலாம் என்றுதான் ஏறினேன். ஒரு எரிமலைப் படம் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. "வானம் வந்திருச்சு!" என்றது ஒரு பிள்ளை. "பொகை வந்திருச்சு!" என்றது இன்னொன்று. மலை வருவதற்குள் லைன் அறுந்து போனது. அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் "அய்யோ" என்றன. நான் திட்ட வந்ததை மறந்துவிட்டு அடுத்த தடவை லைன் கிடைக்கும்வரை நின்றேன். மலை வந்தது. வாயில் நெருப்போடு இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

தையற்காரர் மகள் யுவஸ்ரீதான் அந்தக் கும்பலில் வாயாடி. கோயமுத்தூரிலேயே 1900-இல் ஒரு பூகம்பம் வந்தது என்று அந்தத் தளத்தின் வழியாகத் தெரிந்துகொண்டு, சந்திலிருந்த அத்தனை கடைக்காரர்களையும் பயமுறுத்திவிட்டு வந்தாள். அவள் கேட்ட ஒரு கேள்வியில்தான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது.

தளத்தில் ஒரு உலக வரைபடம் இருந்தது. எந்த ஊரில் குழந்தைகள் தினமும் மழையை அளந்து அனுப்புகிறார்களோ, அந்த ஊரின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். புள்ளியை அழுத்தினால் அந்தப் பிள்ளைகளின் கணக்கு திறக்கும். யுவஸ்ரீ கேட்டாள்: "அக்கா, உங்க ஊரு இதுல எங்கீங்க?"

ஜோஸ்லின் விரலை வைத்துக் காட்டினாள். மேற்கே மலை வளையும் இடம். வெறும் பச்சை. சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் புள்ளி இல்லை.

"ஏனுங்க்கா, அங்க மனுசங்களே இல்லீங்களா?"

குழந்தை கேட்டது, சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஜோஸ்லின் சிரிக்கவில்லை. சாயங்காலம் கடையைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து என் கவுண்டரில் கையை ஊன்றினாள்.

"ராமாமணியக்கா, எங்க ஊர்ல மழையத் தவிர வேற என்னங்க இருக்குது? நனைஞ்சுகிட்டே பொறந்தோம், நனைஞ்சுகிட்டே பள்ளிக்கூடம் போனோம். எங்கம்மா கொழுந்துக் கூடையோட நனைஞ்ச மழை எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாதுங்க. அந்தப் படத்துல எங்க ஊருக்கு ஒரு புள்ளி வெக்காம உடமாட்டேனுங்க."

"புள்ளி வெச்சா அரிசி வருமா அம்மணி?"

"வராதுங்க. ஆனாலும் வெப்பேன்."

அதற்கு விதிகள் இருந்தன. ஒரே இடத்தில், குழந்தைகளே, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். அந்த வாரத்துக் கணக்கை ஞாயிற்றுக்கிழமைக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும். மூன்று மாதம் விடாமல் செய்தால் புள்ளி. நடுவில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. அந்த வருடக் கடைசியோடு வரைபடத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் வராத ஊர் வராததுதான்.

அடுத்த லீவில் வால்பாறை பஸ் ஏறினாள். லைனில் அவள் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு மாசாணத்துடையது. இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஜோஸ்லின் படிக்கக் கீழே இறங்கினாள், மாசாணம் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டுக் கூடையைத் தூக்கினாள். மாசாணத்தின் மகள் எழில் ஏழாவது படித்தாள். அந்த எழிலையும் லைன் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, தளத்தில் சொல்லியிருந்தபடி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை அறுத்து, கவிழ்த்துச் செருகி மழைமானி செய்து வைத்துவிட்டு வந்தாள்.

மறுவாரம் செய்தி வந்தது. பாட்டில் ஒரே ராத்திரியில் நிரம்பி வழிந்துவிட்டதாம். அந்தத் தளத்தை எழுதிய வெள்ளைக்காரர், ஆனைமலைப் பக்கம் ஆனி ஆடி மாதத்தில் வந்ததே கிடையாது போலிருக்கிறது. ஜோஸ்லின் அசரவில்லை. பம்பு செட்டுக் கடையில் நல்ல அகலமான பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டு அறுத்து வாங்கி, அடியில் மூடி போட்டுப் பசை ஒட்டி, தண்ணீர் ஒழுகுகிறதா என்று என் கடை வாசலிலேயே நிறுத்திப் பார்த்தாள். மூன்று நாள் அந்தக் குழாய் என் வாடிக்கையாளர்களின் காலை இடறியது. பைப்பின் மேல் பெயிண்டில் ஒரு போன் நம்பரையும் எழுதினாள். பார்த்தால் என் கடை நம்பர்.

"என்னம்மா இது, என்னைக் கேக்காம?"

"எங்க சென்டர் போன் எப்பவுமே எங்கேஜுங்க்கா. இன்டர்நெட்டு ஓடுதில்லீங்களா? குழாய்க்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா உங்களுக்குத்தான் கூப்புடுவாங்க."

லைனுக்குப் பக்கத்தில் மரங்கள் இல்லாத வெளியில் ஒரு கம்பம் நட்டு அதில் குழாயைக் கட்டினார்கள். பிள்ளைகள் அதற்கு மழைக்குழாய் என்று பெயர் வைத்தன. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் எழில் ஸ்கேலை உள்ளே விட்டு ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதுவாள், பிறகு குழாயைக் கவிழ்த்துக் காலி செய்வாள். சனிக்கிழமை காலையில் கணக்குச் சீட்டு வால்பாறை பஸ் கண்டக்டர் வேலுமணியின் சட்டைப்பைக்குப் போகும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பொள்ளாச்சி வழியாக மத்தியானம் உக்கடம் வந்து சேரும். ஜோஸ்லின் அங்கே போய் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் காந்திபுரம் ஓடி வருவாள். சந்துப் பிள்ளைகள் சுற்றி நிற்க, ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவாள். நம் ஊரில் தூசி பறக்கிற ஆடி மாதத்தில் அங்கே குழாயில் முக்கால்வாசித் தண்ணீர் என்று கேட்டு யுவஸ்ரீ வாயைப் பிளந்தாள். மலை மேகத்தை மறித்துக்கொள்வதால்தான் நமக்குக் காற்று மட்டும் வருகிறது என்று அன்றைக்கு எனக்கும் புரிந்தது. இத்தனை வருடம் மருதமலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கடை நடத்தியிருக்கிறேன், இதை யாரும் சொன்னதில்லை.

ஒரு தடவை யானைக் கூட்டம் லைனுக்குள் வந்து, வாழையைத் தின்று, ரேஷன் கடைக் கதவைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. மழைக்குழாயைத் தொடவில்லை. ஜோஸ்லின் அன்றைக்கு சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தாள். யானைக்குத் தப்பியது பூஜைக்குத் தப்பவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியில் வந்தது. மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. வஹீதின் சென்டரில்கூட வேலை பார்க்கிற பையன்கள் ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே பொரிகடலைத் தட்டை வைத்திருந்தார்கள். வஹீது, "மவுசுக்குள்ள சந்தனம் போனா உங்க சம்பளத்துல புடிப்பேன்" என்று சத்தம் போட்டுக்கொண்டே பொரியை அள்ளித் தின்றார். ஜோஸ்லினும் சேர்ந்துதான் தின்றாள். மலையில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை சீட்டில் ஒரு நாளுக்கு எதிரே எண் இல்லை. எழிலின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "மழை ரொம்ப ஜாஸ்தி. குழாய் சாமிகிட்ட இருந்தது."

லைனில் அன்று கவாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துக் கோயிலில் அடுக்கியிருக்கிறார்கள். மாசாணம் மழைக்குழாயையும் அவிழ்த்துக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிட்டாள். அங்கே ஒரு தடவை சாமிக்கு முன்னால் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். எழில் அழுதும் நடக்கவில்லை. இரவெல்லாம் மழை வெளியே கொட்டியது, குழாய் உள்ளே சந்தனப் பொட்டோடு காய்ந்துபோய் நின்றது.

ஜோஸ்லின் சீட்டை என் கவுண்டரில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வஹீது இறங்கி வந்து படித்துப் பார்த்தார்.

"எஸ்டேட் ஆபீஸ்லயும் மழை அளக்கறாங்களேம்மா. கிளார்க்கைக் கேட்டு அந்த நம்பரைப் போட்டுடு. அமெரிக்காவுல இருந்தா வந்து பாக்கப்போறாங்க?"

"போடு அம்மணி," என்றேன் நானும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஒரு எண்ணுக்காக ஒரு மழைக்காலத்தையே யாராவது தூக்கிப் போடுவார்களா?

"அது மேனேஜர் துரையோட பங்களா மேட்டுல இருக்குதுங்க. அங்க பேயற மழை வேற, லைன்ல பேயற மழை வேற," என்றாள். "எங்க மழைக்கு எடம் வேணும்னுதான் இத்தனையும் பண்றேன். அதுல துரை ஊட்டு மழையக் கொண்டுபோய் வெக்கட்டுங்களா?"

ஜோஸ்லின் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாடிக்குப் போய், அந்த நாளுக்கான கட்டத்தைக் காலியாக விட்டாள். குறிப்பு எழுதும் இடத்தில், எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் கருவிகளை வணங்கி ஓய்வு கொடுப்போம், அன்று மழைமானியும் ஓய்வில் இருந்தது, மழை நிறையப் பெய்தது, எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். அத்தனை நாள் கணக்கும் பூஜ்யத்துக்குப் போனது. திரையில் அதைப் பார்த்து யுவஸ்ரீ விசும்பினாள்.

மறுநாளே ஜோஸ்லின் மலை ஏறினாள். மாசாணத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"என்னத்தத் திட்டறதுங்க்கா? அவ கேட்டதக் கேளுங்க. 'எங்கையில இருக்கறது கத்தியும் கூடையும். எம்புள்ள கையில இருக்கறது இந்தக் கொழாதான். கத்தியக் கும்புட்டுப்போட்டு எம்புள்ள ஆயுதத்த மட்டும் வெளிய அனாதையா உடுவனா'ங்கறா."

"விசயத்தைச் சொன்னியா?"

"சொன்னேன். புள்ளைங்க அளந்ததெல்லாம் போச்சுன்னு தெரிஞ்சதும் அப்பிடியே உக்காந்துட்டாளுங்க. அன்னிக்குச் சோறே எறங்கலீங்க அவளுக்கு."

"இனி?"

"எண்ணிப் பாத்துட்டேன். வருசக் கடைசிக்குச் சரியா மூணு மாசம் இருக்குது. ஒரு நாள்கூட உபரி இல்லைங்க. பூஜை முடிஞ்ச அடுத்த நாள் காலையில இருந்தே எழில் அளந்துகிட்டுத்தான் இருக்குறா. நான் சொல்லவே இல்லீங்க."

ஐப்பசியில் மழை பரவாயில்லாமல் பெய்தது. கார்த்திகையில் விட்டுவிட்டுப் பெய்தது. மழை இல்லாத நாளில்தான் கஷ்டம். குளிரில் போர்வையை விட்டு எழுந்து, அட்டை ஏறுகிற புல்லில் நடந்து, காலிக் குழாய்க்குள் ஸ்கேலை விட்டுப் பார்த்து "இல்லை" என்று எழுதப் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும் அல்லவா? பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். எழில் நிற்கவில்லை. அவள் கூடவே தினமும் மாசாணமும் போய் நிற்பாளாம். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, மகள் எண்ணைச் சத்தமாகச் சொல்கிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாளாம்.

டிசம்பர் தொடக்கத்தில் புயல் ஒன்று வந்தது. ஒரு வாரம் மலையில் பேய்மழை. சனிக்கிழமை உக்கடத்துக்கு வால்பாறை பஸ்ஸே வரவில்லை. ரோட்டில் மண் சரிந்து கிடப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜோஸ்லின் மறுபடி உக்கடம் போய் நின்றுகொண்டாள். அன்றைக்குள் கணக்கு ஏறாவிட்டால் எல்லாம் போச்சு. இன்னொரு தடவை ஆரம்பிக்க வருடத்தில் நாளும் இல்லை.

நான் பூத்தில் தனியாக இருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. ஒரே இரைச்சல்.

"ஏனுங்க, ஜெராக்ஸ் கடைங்களா? கொழாயில இந்த நம்பரு எழுதியிருந்துச்சுங்க. நான் மாசாணம் பேசறனுங்க, எழிலோட அம்மா."

"சொல்லுங்க, ராமாமணி பேசறேன்."

"பஸ்ஸு ஓடலீங்க்கா. லைன்ல இருந்து டவுனுக்கு நடந்தே வந்துபோட்டேன். எங்கயும் போனு வேலை செய்யலீங்க, இங்க ஒரு கடையிலதான் லைன் கெடைச்சுது. சீட்டு மடியில நனைஞ்சு கூழாப் போச்சுங்க."

"அய்யய்யோ, அப்பறம்?"

"எனக்கு மனப்பாடம்ங்க. எழுதிக்குங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ஞாயித்துக்கெழம எட்டு. திங்க பன்னண்டு. செவ்வா அறுவத்தி நாலு, அன்னிக்குக் காலையில பேர் எடுக்கற மஸ்டர்லயே வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிப்போட்டாங்க. புதன் நாப்பத்தி ஒண்ணு. வியாழன் முப்பத்தி அஞ்சு, எழிலுக்குக் காச்சல், ஆனாலும் அவளேதான் அளந்தா. வெள்ளி நூத்தி ஏழு, அன்னிக்குத்தான் மண்ணு சரிஞ்சுது. நேத்து முப்பதுங்க. எழுதிட்டீங்களா?"

வீணாய்ப் போன ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். "எழுதிட்டேன்."

"திருப்பிச் சொல்லுங்க்கா."

சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். கடைசி எண் முடிந்ததும் போனை வைக்கப் போனேன்.

"நான் பண்ணுன வேலையாலதான் புள்ளைங்க மறுக்கா மொதல்ல இருந்து அளந்துதுங்க," என்றாள். "இந்தத் தடவ போக உடமாட்டேனுங்க."

ஜோஸ்லின் தொப்பலாக நனைந்து, முகம் செத்துப்போய் உக்கடத்திலிருந்து திரும்பி வந்தாள். தாளை நீட்டினேன். படித்தாள். யார் சொன்னது என்று சொன்னேன். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள், பின்னாலேயே நானும் ஏறினேன், கடையில் ஆள் இல்லை என்பதே எனக்கு நினைவில்லை. மேலே லைன் கிடைக்கவில்லை. மோடம் கீச்சுகீச்சென்று கத்தும், ஓய்ந்துபோகும், மறுபடி கத்தும். கடைசியில் கிடைத்தது, நகரவில்லை. வஹீது எழுந்து நின்றார். "எல்லாரும் எந்திரிங்க. ஒருத்தரும் காசு தர வேண்டாம், மிஷினை விட்டு எந்திரிங்க. இந்தப் பொண்ணுக்கு மட்டும் லைன் போகட்டும்." ஒருவன் முணுமுணுத்தான். "ஒரு மலையே சரிஞ்சு கெடக்குது தம்பி, உன் கிரிக்கெட் ஸ்கோர் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பையன் எழுந்துவிட்டான். எண்கள் ஏறின.

ரோடு சரியானதும் எழில் நோட்டிலிருந்து எழுதிய சீட்டை வேலுமணி கொண்டுவந்தார். தாளையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு எண்கூட மாறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஜோஸ்லினின் அம்மா அமலியம்மா ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். வருடத்தின் கடைசி நாள் கணக்கை எழிலும் மாசாணமும் போனில் சொன்னார்கள், "இல்லை" என்பதுதான் அன்றைய கணக்கு. அதை ஏற்றிவிட்டு எல்லாரும் வரைபடத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். அது வழக்கம்போலத் துண்டு துண்டாக இறங்கியது. முதலில் பனிக்கடல், பிறகு எத்தனையோ நாடு, பிறகு இமயமலை. தெற்கே இறங்கி, மலை வளைகிற இடத்தில், பச்சைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி.

பிள்ளைகள் கத்திய கத்தலில் சந்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். யுவஸ்ரீ மட்டும் கத்தவில்லை. மவுஸைத் தானே நகர்த்தி அந்தப் புள்ளியை அழுத்தினாள். எழில் பெயர் வந்தது, மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் வந்தன, அடியில் அந்தக் காலிக் கட்டமும் அதன் குறிப்பும் வந்தன. "அங்க மனுசங்க இருக்காங்க" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. ஜோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அத்தோடு அந்த வரைபடம் மூடப்பட்டது. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். ஜோஸ்லினோ 1999-இல் இலவசமாக இடம் கொடுத்த ஒரு தளத்தில் சொந்தமாகவே ஒரு பக்கம் ஆரம்பித்தாள். தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது என்பதால், பிள்ளைகளே கையால் எழுதியதைப் படமாக்கி ஏற்றினாள். கொங்கு நாட்டு வரைபடத்தை யுவஸ்ரீ வரைந்தாள். வால்பாறைக்கு ஒரு புள்ளி, எங்கள் மொட்டைமாடிக்கு ஒன்று, பெருந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. விதியை மட்டும் மாற்றவில்லை. ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

"ஆயுத பூஜைக்காச்சும் ஒரு நாள் லீவு உடு அம்மணி. இப்ப உன்ற சட்டம்தானே?" என்றேன்.

"நானும் அதான் சொன்னேன். மாசாணம் ஒத்துக்கலீங்க."

ஏன் என்று அவள் சொல்லவில்லை, "நீங்களே வந்து பாருங்க" என்று அந்த வருடப் பூஜைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பொள்ளாச்சிக்கு அப்பால் நான் போனதே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் என் வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. வேலுமணி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "மோந்துகிட்டே வாங்க, ஊரு வந்துரும்" என்றார்.

லைனுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் போட்டது, பூஜை ஆரம்பிக்கும்போது நல்ல மழையாகிவிட்டது. கோயிலுக்குள் கத்தியும் கூடையும் புத்தகமும் அடுக்கியிருந்தன. மழைக்குழாய் அங்கே இல்லை. சாமிக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும் மாசாணம் தட்டை எடுத்துக்கொண்டு நேராக வெளியே மழைக்குள் இறங்கினாள். பின்னாலேயே லைன் சனம் மொத்தமும் இறங்கியது. வெட்டவெளியில் கம்பத்தில் நின்ற குழாய்க்கு, அதன் திறந்த வாயில் கை படாமல், பக்கவாட்டில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். மழை அதைக் கரைத்துக்கொண்டு போனது, மறுபடி வைத்தாள். கற்பூரம் அணைந்தது, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினாள்.

யாரோ ஒரு ஆள் இரக்கப்பட்டு ஓடிவந்து அவளுக்கும் குழாய்க்கும் மேலாகக் குடையை விரித்தார்.

"கொடையத் தள்ளிப் புடிங்க!" என்று மாசாணம் போட்ட சத்தத்தில் நான் ஒரு அடி பின்னால் போனேன். "நாங்க நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போறோம். கொழாய்க்குள்ள மழை உழுகோணும்."

குடை விலகியது. யாரும் வீட்டுக்குள் ஓடவில்லை. மழை எங்கள் தலையிலும் குழாய்க்குள்ளும் ஒன்றுபோல விழுந்தது. காலையில் அளப்பதற்காக எழில் ஸ்கேலை எடுத்துத் துடைத்து வைத்தாள்.